அடியில் இருந்த சிவப்பு

கடையில் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டப் போகிறார்கள். உள்ளே இருப்பதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடும்படி முதலாளி இன்று காலையில் சொன்னார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று இத்தனை வருஷத்து பேனர்கள். எதையும் திறந்து பார்க்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். நடுவில் உன் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. அதை மட்டும் திறந்தேன். பழைய மெஷின், திணறித் திணறித்தான் திறந்தது. படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கி வர, பக்கத்தில் லேயர்களின், ஒன்றன்மேல் ஒன்றாக நான் அடுக்கியிருந்த பூச்சுகளின், வரிசை நீண்டது. ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு நான் வைத்த பெயர் அப்படியே இருந்தது. 'தவிட்டு நிறம், முதல் பூச்சு.' 'சுரண்டல், இடது பக்கம்.' 'கறுப்பு மாதிரி.' எல்லாவற்றுக்கும் அடியில் 'சிவப்பு.'

அழிக்கவில்லை. மூடி வைத்துவிட்டுத் தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான். நீ போய் நான்கு வருஷமாகிறது. நீ இருந்தபோது உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் தவறாமல் வந்து உட்கார்ந்து சொல்லாததை, இப்போது படிக்க ஆளில்லாத கடிதத்தில் சொல்கிறேன். இதற்கும் தைரியம் என்றா பெயர்?

நீயும் நானும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் பதினோரு வருஷம் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் வந்து இறங்கிய அன்று, சாமான் இறக்குகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு தூக்கு நிறைய மோர் கொண்டுவந்தாய். உன் கைவிரல் இடுக்கில் நீலம் ஒட்டியிருந்தது. துணிக்குப் போடும் நீலம் என்று நினைத்துக்கொண்டேன். அது வர்ணம் என்று தெரியச் சில மாதம் ஆயிற்று.

காலை ஷிப்டுக்கு உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பஸ் ஏறிப் போனதும் நீ பின்பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வரைவாய். கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுக் கல்யாணத்துக்காக நின்றவள் நீ. மனிதர், மரம், சாமி எதுவும் உன் படத்தில் இருக்காது. நிறம், அதன்மேல் நிறம், அதைக் கீறிக்கொண்டு போகும் கோடுகள், அவ்வளவுதான். நம் பிளாக்கில் கொலுவுக்கு வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "தெரியலீங்க, நானும் அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்றாய்.

உன்னிடம் இருந்தது நாலைந்து மரச்சட்டங்கள்தான். காடாத் துணியை இழுத்து ஆணியடித்து, வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிச் சுண்ணாம்புப் பொடி கலந்து பூசிக் காயவைத்து, அதன்மேல் வரைவாய். ஒரு மாதம் கண்ணில் படும்படி வைத்திருப்பாய். பிறகு அதன் மேலேயே வெள்ளையடித்து அடுத்ததை ஆரம்பிப்பாய். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், பார்த்து முடித்தாயிற்று என்பாய். ஒன்றே ஒன்றின்மேல் மட்டும் வெள்ளை விழவில்லை. மூன்றடிக்கு இரண்டடி இருக்கும். காவியும் தவிட்டு நிறமுமாக ஒரு பரப்பு, நடுவில் கறுப்பாக ஒரு பெரிய பள்ளம், அதன் குறுக்கே வெள்ளைக் கோடுகள். அதை மட்டும் நீ பார்த்து முடிக்கவே இல்லை.

நான் அந்தப் படத்தைக் கேட்டது என் தொழிலுக்காக. கடையில் நான் செய்த பேனர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எத்தனை நிறம் போட்டாலும் தட்டையாகவே தெரியும். உன் படத்தில் மட்டும் உள்ளே கைவிடலாம் போல ஆழம் இருந்தது. எப்படி வருகிறது என்று உன்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "கை போற போக்குல போவுதுப்பா. சொல்லத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்பாய். அப்படியானால் படத்தை என்னிடம் கொடு, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் அடியிலிருந்து ஒவ்வொரு பூச்சாக நானே கட்டிப் பார்க்கிறேன், அப்போது புரிந்துவிடும் என்றேன். நீ உடனே சரி சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, பழைய போர்வையில் சுற்றி, தோட்டத்துச் சுவருக்கு மேலாக எடுத்துக் கொடுத்தாய். பத்து நாள் என்று நான்தான் சொன்னேன்.

கடையின் பின்பக்கம் நிழலில் சாய்த்து வைத்து, பகுதி பகுதியாகப் போட்டோ எடுத்து ஒன்றாக ஒட்டினேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வீட்டுக்குப் போனதும் அந்த வேலையை எடுப்பேன். முதலில் எல்லாமே தப்பாகப் போயிற்று. நடுப் பள்ளத்துக்குக் கறுப்பைப் போட்டேன். படத்தில் யாரோ சிகரெட்டால் சுட்டதுபோல இருந்தது. போட்டோவில் அந்த இடத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் கறுப்பு என்று ஒரு புள்ளிகூட இல்லை. கருங்காப்பி போல ஒரு பழுப்பு, அதன்மேல் மெல்லிசாக நீலம், மறுபடி பழுப்பு. இப்படி ஐந்தாறு முறை போனபிறகுதான் அந்தக் கறுப்பு வந்தது. கறுப்புக் குப்பியையே நீ தொடவில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளைக் கோடுகளை மேலே வரைந்தேன். சுவரில் சாக்கட்டியால் கிறுக்கியதுபோல ஒட்டாமல் நின்றன. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஒருநாள் அசல் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, கோட்டின் இரண்டு கரையிலும் வர்ணம் வரப்புபோல ஒதுங்கி நிற்பதும், கோட்டுக்குள்ளே துணியின் இழை தெரிவதும் கண்ணில் பட்டது. நீ கோடு போடவே இல்லை. ஈரமாக இருக்கும்போதே எதையோ வைத்து, அடிப்பூச்சும் சேர்ந்து வரும்படி துணிவரை அழுத்திச் சுரண்டி எடுத்திருக்கிறாய். மேலே இருப்பதாக நான் நினைத்தது எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. அன்று சாயங்காலம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, எதால் சுரண்டினாய் என்று கேட்டேன். உள்ளே போய், உன் மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேலைக் கொண்டுவந்து காட்டினாய். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்.

நீ ஒரு முறை கடைக்கு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? மார்க்கெட்டிலிருந்து வரும் வழியில், முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையோடு. ஸ்டூலில் உன்னை உட்காரவைத்து, நான் கட்டியதைக் காட்டினேன். மேலிருந்து ஒவ்வொரு லேயராக அணைத்துக்கொண்டே வந்தேன். நீலம் போயிற்று. பழுப்பு போயிற்று. காவி போயிற்று.

"அய்ய, வெங்காயம் உரிக்கறாப்பல உரிக்கறியே" என்றாய்.

கடைசியில் திரை முழுக்கச் சிவப்பு மட்டும் நின்றது. அந்தச் சிவப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆகியிருந்தது. அசலில் அது இடது கீழ் மூலையில் நூல் கனத்துக்குத்தான் எட்டிப் பார்த்தது. ஓரத்தில் இழுத்த கோடு என்று முதலில் நினைத்தேன். ஆனால் காவிக்கு அடியில் அதை விரித்துப் போட்டதும்தான் படம் முழுக்கச் சூடு ஏறியது. நீ சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "இத நானே மறந்துட்டேன்ப்பா. மறுபடி போய்ப் படிப்ப முடிச்சிட்டு வரேன்னு அவருகிட்ட கேட்ட அன்னிக்கு அடிச்ச செவப்பு. கைக்கொழந்தய வெச்சிக்கினு இன்னா படிப்புன்னாரு. கோவத்துல துணி முழுக்க அடிச்சேன். அப்புறம் அத மறைக்கத்தான் மத்ததெல்லாம் போட்டது."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். வாசல்வரை போய்த் திரும்பி, முடிந்ததும் படத்தைக் கொண்டுவந்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனாய்.

அதற்கு முன்பே என் வேலை முடிந்துவிட்டது. நான்தான் தரவில்லை. உன்னிடம் கற்றதை வைத்து ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பேனர் செய்தேன். பின்னணியில் அடியில் சிவப்பு, மேலே காவி, குறுக்கே சுரண்டல். முதலாளி அதை வாசலில் மாட்டி வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். வடலூரிலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். இந்தக் கை யாருக்கும் வராது என்று அவர் சொன்னபோது உன் பெயர் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. படம் பக்கத்தில் இருந்தால் இன்னும் எதையாவது அதிலிருந்து எடுக்கலாம் என்று பிரிண்டருக்குப் பின்னால் தரையில் சாய்த்து வைத்துக்கொண்டேன். பத்து நாள் மூன்று மாதம் ஆயிற்று. நீ இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றேன்.

மூன்றாவது முறை கேட்டபோது ஐப்பசி. வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. நீ கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மழ புடிச்சிக்கும்போல கீது. இன்னிக்கி அந்தப் படத்த எடுத்தாந்துடுப்பா" என்றாய். சரி என்றேன். சாயங்காலம் கடையை விட்டுக் கிளம்பும்போது படத்தைப் பார்த்தேன். பார்க்காமல் வந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஸ்கூட்டியின் முன்பக்கம் ரேஷன் அரிசி இருந்தது. படத்தை எடுத்தால் அரிசியைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அரிசியை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்த 'நாளைக்கு' வர நான்கு நாளாயிற்று. மழை விடவே இல்லை. கடைத்தெருவின் பின்பக்கம் தாழ்வு, உனக்குத் தெரியும். கதவைத் திறந்தபோது சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. படம் நின்ற இடத்திலேயே நின்றது. வஜ்ஜிரமும் சுண்ணாம்பும் கரைந்து, கீழ்ப்பாதியில் வர்ணம் தோல் உரிந்ததுபோலச் சுருண்டு தண்ணீரில் கிடந்தது. சிவப்பு மேலே பார்த்துக் கிடந்தது.

ஆனால் மேல்பாதி இருந்தது. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. உப்பி, வெடிப்பு விட்டு, ஆனாலும் இருந்தது. கறுப்புப் பள்ளத்தின் மேல்விளிம்பும் நாலைந்து சுரண்டல் கோடுகளும் உன் கை பட்டபடியே இருந்தன. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உன் முன்னால் வைத்திருக்கலாம். நீ திட்டியிருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளேடை எடுத்துத் துணியைச் சட்டத்திலிருந்து அறுத்தேன். நாலாக மடித்து, சேற்றையும் நனைந்த பேனர்களையும் கொட்டிய குப்பையோடு போட்டேன். சட்டத்தை மட்டும் துடைத்துக் காயவைத்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போதே என் கைக்குத் தெரிந்திருந்தது.

அதே வாரம்தான் உனக்கு வயிற்று வலி அதிகமாகி, அண்ணன் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார். பதினைந்து நாள் கழித்து வந்தீர்கள். ஆம்புலன்சிலிருந்து இறங்கும்போதே நீ பாதியாகியிருந்தாய். கட்டி என்றும், பரவிவிட்டது என்றும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்றும் அண்ணன் எங்கள் வாசலில் நின்று சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அந்தப் படத்த எதிர்க்க மாட்டணும்னு கேக்குதும்மா. கெடச்சா நல்லாருக்கும்" என்றார். உனக்கு எதுவும் தெரியக்கூடாது என்று எனக்கு அப்போது தோன்றியது உன்மேல் இருந்த இரக்கத்தால் என்று ரொம்ப நாள் நம்பினேன்.

மறுநாளே கடலூருக்கு பஸ் ஏறினேன். கேன்வாஸ் துணியில் பிரிண்ட் போடும் கடை அங்கே இருந்தது. கம்ப்யூட்டரில் நான் கட்டி வைத்திருந்ததை உன் அளவுக்கே போட்டு வாங்கி, உன் சட்டத்திலேயே இழுத்து ஆணியடித்தேன். பிரிண்ட் வழவழவென்று இருந்தது. சுரண்டல் கோடுகளின் கரையில் நிறமில்லாத பசையைத் தூரிகையால் தடவி, வரப்பு எழுப்பினேன். இடது மூலையில் அந்த நூலளவு சிவப்பு சரியாக விளிம்பில் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து மடித்தேன். பின்பக்கத்துத் துணி புதிதாகத் தெரியாமலிருக்க டீத்தண்ணீர் தெளித்தேன். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் என் வாழ்க்கையிலேயே மிகக் கவனமாக, மிக ஆசையாக வேலை செய்தேன். வெட்கம் அதில்தான்.

நீ முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாய். நான் போர்வையைப் பிரித்துப் படத்தை உன் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாய். விரலால் ஒரு கோட்டின் மேலே போனாய்.

"ரொம்ப நாளு வெச்சிக்கினியே" என்றாய்.

நான் ஏதோ மழை, கடைவேலை என்று சொன்னேன். நீ அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"கத்துக்கினியா?"

"கத்துக்கிட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டினாய். அவ்வளவுதான்.

மறுநாள் வந்தபோது அது உன் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது. அன்றிலிருந்து கடை முடிந்ததும் நேராக உன்னிடம்தான் வருவேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, படத்துக்கு முதுகு காட்டி உட்காருவேன். நீ என் தோளுக்கு மேலாக அதைப் பார்ப்பாய். பிளாக்கில் யார் மாற்றலாகிப் போனார்கள், யார் வீட்டுப் பலா காய்த்தது என்று பேசுவோம். படத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஒரே ஒருமுறை, கார்த்திகை முடியும் சமயம், நீ கொஞ்சம் தெளிவாக இருந்தாய். தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாய். "ஒரு காடாத் துணி கெடச்சா நல்லாருக்கும்" என்றாய். நான், முதலில் உடம்பு தேறட்டும், வர்ணத்து வாடை ஆகாது என்றேன். எதிரில் ஒன்று மாட்டித்தான் இருக்கிறதே என்றும் சொன்னேன். அதைச் சொன்னதும் நான்தான். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, சரி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாய். அடுத்த வாரம் உன் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. டம்ளரைக்கூட நான்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மறுபடி துணி கேட்கவில்லை.

மாசியில் போனாய்.

பதினாறாம் நாள் முடிந்து, உன் மகள் ஹாஸ்டலுக்கும் உறவுக்காரர்கள் ஊருக்கும் கிளம்பிய பிறகு, உன் போட்டோவை அந்த இடத்தில் மாட்டலாம் என்றார் அண்ணன். படத்தை இறக்கித் தரும்படி என்னிடம்தான் சொன்னார். நான் நாற்காலியில் ஏறி இறக்கினேன். நான்கு மாதத்தில் அன்றுதான் அதை நேராகப் பார்த்தேன். இடது கீழ் மூலையில், அந்தச் சிவப்பு விளிம்புக்குப் பக்கத்தில், அரிசி அளவுக்குச் சுரண்டியிருந்தது. சுரண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் துணி.

மாட்டும்போது ஆணியில் பட்டிருக்குமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"இல்லம்மா, அது சொரண்டுனது" என்றார். "நீ கொண்டாந்து குடுத்துட்டுப் போனியே, அன்னிக்கே. நகத்தால சொரண்டிச்சு. அப்புறம் நகத்தையே பாத்துக்கினு இருந்துச்சு. இன்னாம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, மாட்டுங்கன்னுச்சு. மாட்டுனேன்."

நீ அடியில் சிவப்பைத் தேடியிருக்கிறாய்.

அண்ணனிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி, மழை, பிளேடு, கடலூர், டீத்தண்ணீர். அவர் நீ படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் படத்தை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கடைசியா அது பாத்துக்கினு இருந்தது இதத்தானம்மா. இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே, "படிக்கப் போறேன்னு கேட்டப்ப அனுப்பி இருக்கலாம்" என்றார். அதை அவர் என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. ரிட்டயர் ஆகிச் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஊரோடு போய்விட்டார். படமும் அவரோடு போயிற்று. உங்கள் குவார்ட்டர்சில் இப்போது வேறு குடும்பம். சுவருக்கு மேலாக நான் எட்டிப் பார்ப்பதில்லை.

ஏன் என்னிடம் கேட்காமல் விட்டாய் என்று இந்த நான்கு வருஷமும் யோசித்திருக்கிறேன். சில நாள், நான் அவமானப்படக்கூடாது என்று விட்டாய் எனத் தோன்றும். அப்படி நினைத்தால் அழுகை வரும், ஆனால் ஆறுதலும் வரும். சில நாள், நானாகச் சொல்கிறேனா பார்க்கலாம் என்று ஒவ்வொரு சாயங்காலமும் காத்திருந்தாய் எனத் தோன்றும். "ரொம்ப நாளு வெச்சிக்கினியே" என்றது எனக்கு நீ கொடுத்த முதல் வாய்ப்பு. துணி கேட்டது இரண்டாவது. அப்படி நினைக்கும் நாளில் சோறு இறங்காது. எது சரி என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

படம் போனது மழையால் என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முடிகிறது. மழை யாருக்கும் பெய்யும். தேற்றிக்கொள்ள முடியாதது அந்தக் கார்த்திகை. படம் இல்லை, அழிந்துவிட்டது என்று அன்று சொல்லியிருந்தால் உனக்குத் துணி கொண்டுவந்து கொடுத்திருப்பேன், கொடுக்காமல் இருந்திருக்க முடியாது. உன் கை நடுங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் இருந்தது. ஒரு வாரத்தில் நீ என்ன வரைந்திருப்பாய்? அது உலகத்தில் இல்லை. நான் உனக்கு இல்லாமல் ஆக்கியது ஒரு படம் இல்லை, இரண்டு.

உன் கறுப்பும் உன் சுரண்டலும் இன்னும் என் வேலையில் இருக்கின்றன. அதை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், கை விடவில்லை. யாராவது நன்றாக இருக்கிறது என்றால் உன் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு அது யாரென்று தெரியாது. பரவாயில்லை என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.

போன மாதம் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மனைவி தவறி ஒரு வருஷம், திவசத்துக்குப் படம் வேண்டும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கல்யாண போட்டோ. அதில் அந்த அம்மாளின் முகத்தில் ஒரு பக்கம் செல்லரித்துப் போயிருந்தது. இருக்கிற பக்கத்தைப் பார்த்து இல்லாத பக்கத்தை நான் கட்டினேன். கண், கன்னம், மூக்குத்தி. மூன்று நாள் வேலை. பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தபோது, இப்போது நான் எல்லோரிடமும் சொல்வதுபோல அவரிடமும் சொன்னேன்.

"இந்தப் பக்கம் நான் போட்டதுங்க. அவங்களோடது இல்ல."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "தெரியுதும்மா" என்றார். "நாப்பது வருஷம் பாத்த மூஞ்சி. எனக்குத் தெரியாதா?" அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நான் சொன்னதற்காகச் சந்தோஷப்பட்டார் என்றுகூடத் தோன்றியது. படத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அவர் போனபிறகு கடையில் நான் மட்டும்தான். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மாதம் உன் எதிரில் உட்கார்ந்து வாயில் வராத வார்த்தைகளை அன்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கஷ்டமாகவே இல்லை. மூச்சுவிடும் நேரத்தில் முடிந்துவிட்டது.

"உன் படம் மழைத்தண்ணியில போயிடுச்சுப்பா. நான்தான் தரையில வெச்சேன்."